ஏழாம் மாத ஏடு

ஒரு தாள் காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலை நம்பக் கூடாது. பசையிலும் நூலுக்குத் தடவும் மெழுகிலும் வருஷக்கணக்கில் ஊறிய விரல் காய்த்துப் போயிருக்கும்; அதற்கு ஈரமும் ஒன்றுதான், காய்ந்ததும் ஒன்றுதான். கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். துளி ஈரம் மிச்சமிருந்தாலும் சில்லென்று தொடும். புத்தகம் கட்டுகிற வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலையில் நூலக்கா பள்ளிக்கூடத்துப் பழைய வருகைப் பதிவேட்டைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தது சந்தேகப்பட்டு அல்ல. ஒரு வாரமாக விடாத மழை. மழைக்காலத்தில் பசை சொன்ன பேச்சைக் கேட்காது. எதையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இரும்பு அழுத்தியில் கொடுப்பாள். முதல் ஏடு காய்ந்திருந்தது. இரண்டாம் ஏட்டில், முதுகோரமாக, ஒரு விரல் அகலத்துக்குச் சில்லென்றது.

“இங்க எதுக்குப் பசை?” என்று வாய்விட்டே கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டியவர் டீ வாங்கப் போயிருந்தார். தெருவில் அவர் பைண்டர். அவர் பெண்டாட்டி நூலக்கா. புத்தகம் தைக்க வந்த நாளிலிருந்து அந்தப் பேர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் அவளுடைய தையல் சட்டம், எதிர்ச் சுவரோரம் அவருடைய வெட்டு இயந்திரம், நடுவில் ஒரு நீள மேசை. சாப்பாட்டு நேரத்தில் பாதி மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிடுவார்கள். தையல் அவளுடையது, அட்டை அவருடையது. இருபத்து நான்கு வருஷத்தில் ஒருவர் வேலையில் மற்றவர் கைவைத்ததில்லை. இந்தப் பதிவேட்டை மட்டும் அவர், “நானே தைச்சுக்கறேன், உனக்குக் கண்ணு வலிக்குது” என்று தனியாக எடுத்துக்கொண்டார். வயசாக ஆக மனுஷனுக்கு அக்கறை முளைக்கிறது போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

பதிவேடு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால்தான் அவள் அடுத்து ஏன் உட்கார்ந்துவிட்டாள் என்பது புரியும். நான்கு பெரிய தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் எட்டு ஏடு கிடைக்கும். மடிப்பின் முதுகில் ஊசி ஏற்றித் தைப்பார்கள். ஆகவே எந்த ஏடும் தனி ஏடு அல்ல. முதல் ஏடும் எட்டாம் ஏடும் ஒரே தாள். இரண்டாவதும் ஏழாவதும் ஒரே தாள். ஒன்றை வெட்டி எடுத்தால், எங்கோ தள்ளி இருக்கிற மறுபாதிக்குப் பிடிமானம் போய்விடும். ஒருநாள் புரட்டுகிறவர் கையோடு வந்துவிடும். வராமலிருக்க அதன் ஓரத்தில் பசை தடவிப் பக்கத்து ஏட்டோடு ஒட்டி வைக்க வேண்டும்.

பசை இரண்டாம் ஏட்டில் இருந்தது. அவள் எண்ணினாள். நான்கு, ஐந்து, ஆறு. அப்புறம் எட்டு. நடுவில், முதுகை ஒட்டி, கத்தி ஓடிய ஒரு விளிம்பு நகக்கண் அளவுக்கு நின்றிருந்தது.

மாதத்துக்கு ஓர் ஏடு. பள்ளி வருஷத்தின் ஏழாம் மாதம். அந்த மாதம் நடந்ததை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதிவேட்டில் பதினேழாம் வரிசையில் இருந்தவன் அவள் தம்பி.

தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூட மணி கொஞ்ச நாளாக ஓட்டைச் சட்டி மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது. மணியின் நாக்கு ஒரே இடத்தில் வருஷக்கணக்காக அடித்து அடித்து அந்த இடம் குழிந்துவிட்டதை ஏறிப் பார்த்துக் கண்டுபிடித்தவன் அவன்தான். மணியைக் கால் வட்டம் திருப்பி மாட்டினால் நாக்கு புது இடத்தில் அடிக்கும், விரிசல் விடாது. ஆனால் நாக்கு தொங்குகிற கொக்கியும் தேய்ந்திருந்தது. அதை நாக்கோடு கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கொல்லன் பட்டறைக்குப் போனான். மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம் என்று கணக்கு. அன்றைக்கென்று ஆய்வாளர் வந்தார். மணி அடிக்கவில்லை. மணி அடிக்காததால் முதல் பாடவேளை முடியவில்லை. நாக்கோடு தம்பி திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் முழுக்க மூன்று மணி நேரமாக முதல் பாடவேளையிலேயே உட்கார்ந்திருந்தது.

கேட்டால் சிரிப்பு வரும் கதைதான். அப்போதிருந்த தலைமையாசிரியருக்கு வரவில்லை. அவர் அதற்கு வைத்த பெயர் திருட்டு. பேர் அடிக்கப்பட்டது. சான்றிதழில் நடத்தை கெட்டது என்று எழுதிக் கொடுத்தார். தொழிற்கல்விக் கூடம் அந்த வரியைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தியது. ரயில்வே பட்டறையும் சாத்தியது. மூன்று வருஷம் அலைந்தான். போர் வந்தபோது ஆள் எடுக்க வந்தவர்கள் மட்டும் சான்றிதழைக் கேட்கவில்லை. பிரித்துப் போட்ட ஒரு பம்பை முன்னால் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினான். இரண்டு வருஷத்தில் குண்டு போடுகிற விமானத்தை ஓட்டினான். முப்பத்தொரு தடவை போனான். முப்பது தடவை திரும்பி வந்தான்.

அது முடிந்து இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு அவன் ஞாபகம் வந்திருக்கிறது. சனிக்கிழமை விழா.

பைண்டர் டீத் தூக்கோடும் ரொட்டிப் பொட்டலத்தோடும் உள்ளே வந்தார்.

“ஏழாம் மாசம் எங்க?”

“என்ன ஏழாம் மாசம்? மழையைப் பாரு, குடையே திரும்பிக்கிச்சு...”

“குடை கிடக்கட்டும். ஏழாம் மாசத்துத் தாள் எங்க?”

அவர் தூக்கை மேசையில் வைத்தார். வைத்ததைக் கொஞ்சம் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“பழைய தாள். செல்லரிச்சுப் போயிருந்தது.”

“செல்லு மத்த எல்லாத்தையும் விட்டுட்டு இதை மட்டும் கத்தி வச்சு நேரா வெட்டித் தின்னுச்சாக்கும்.”

“உனக்குச் சொன்னா புரியாது.”

“புரியற மாதிரி சொல்லுங்க.”

“தலைமையாசிரியர்தான் சொன்னாரு. பதிவேட்டைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க. ரெண்டாம் மாசத்தைத் திறந்து வைப்பாங்க. உன் தம்பி ஒருநாள்கூட லீவு போடாத மாசம். விருந்தினர் யாராவது தள்ளிப் புரட்டிட்டா அசிங்கமாயிடும்னு...”

“யாருக்கு அசிங்கம்?”

“உன் தம்பிக்குத்தான்.”

“என் தம்பிக்கா?” அவள் எழுந்துவிட்டாள். “திருடன்னு எழுதினவனுக்கு அசிங்கமில்ல, எழுதப்பட்டவனுக்கு அசிங்கமா? எங்கப்பா அந்தாளு மேசைக்கு முன்னால நின்னு கும்பிட்டாரு. நான் பக்கத்துல நின்னேன். அந்தாளு பேனாவைக் கீழ வைக்கக்கூட இல்ல, எழுதிக்கிட்டே ‘போகலாம்’னாரு.”

“கத்தாதே. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும்.”

“நம்ம பொண்ணு அங்க வேலை பாக்கறா,” என்றார் பைண்டர். இப்போது அவர் குரலும் ஏறியிருந்தது. “ரெண்டு வருஷமா தற்காலிக டீச்சர். அடுத்த மாசம் நிரந்தர ஆர்டர் வருது. பரிந்துரை எழுதறவர் இப்ப இருக்கற தலைமையாசிரியர். நான் என்ன, உன் தம்பியையா வெட்டினேன்? ஒரு தாளை வெட்டினேன்.”

“தாள் எங்க?”

“அடுப்புல போட்டுட்டேன்.”

இங்கேதான் அவர் தப்பு செய்தார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கக்கூடும். தபாலில் வருகிற உறையைக்கூட ஓரம் பிரித்து நீவி அளவுவாரியாக அடுக்கி வைக்கிற மனுஷன் அவர். அந்தக் காலத்துப் பதிவேட்டுத் தாள் துணிக் கந்தலில் செய்தது. மடித்தால் முறியாது, இழுத்தால் கிழியாது. அப்படி ஒரு தாளை அவர் அடுப்பில் போட்டார் என்பது, சமையற்காரன் நெய்யைச் சாக்கடையில் ஊற்றினான் என்பது மாதிரி.

“நீங்க? அந்தத் தாளை? அடுப்புல?”

அவர் ரொட்டிப் பொட்டலத்தின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“இந்த வாரம் எந்தப் புத்தகத்துக்கெல்லாம் முதுகுக் குழல் போட்டீங்க?”

கனமான புத்தகம் மேசையில் தட்டையாக விரிய வேண்டுமானால், தைத்த முதுகுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு காகிதக் குழல் வேண்டும். நல்ல தாளாக ஒன்றை எடுத்து நீளவாக்கில் மூன்றாக மடித்து, தட்டையான குழலாக்கி, ஒரு பக்கத்தை முதுகிலும் மறுபக்கத்தை அட்டையிலும் ஒட்டுவார்கள். புத்தகத்தைத் திறக்கும்போது குழல் வாய் பிளக்கும்; முதுகு விடுதலையாக வளையும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது. அதற்குக் கந்தல் தாளைவிட நல்லது கிடையாது.

பைண்டர் அலமாரியைப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார். அதனாலேயே அவள் அங்கே போனாள். நூலகத்து அகராதி ஒன்று. பாட்டுப் புத்தகம் இரண்டு. அப்புறம், நீலத் தோல் போட்ட, மூன்று விரல்கடை கனமுள்ள பெரிய புத்தகம். சனிக்கிழமை விழாவுக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு நாலு நல்ல வார்த்தை எழுதுவதற்காகப் பள்ளிக்கூடம் கட்டச் சொன்னது.

“இதிலயா?” என்றாள். “இதுக்குள்ளயேவா வச்சீங்க?”

“அளவு சரியா இருந்தது,” என்றார் பைண்டர், பரிதாபமாக.

அவள் கத்தியை எடுத்தாள். தோலை அறுத்தபோது அவருக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான்கு நாள் வேலை அது. அவள் நிறுத்தவில்லை. அட்டையைப் பிரித்து, முதுகின்மேல் ஈரத் துணியைச் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எலும்புப் பசைக்குச் சூடு வேண்டும். மாவுப் பசைக்குத் தண்ணீர் போதும், கால் மணி நேரத்தில் பிடியை விட்டுவிடும். முதுகில் மாவுப் பசை மட்டும்தான் போடுவது என்பது அவர் கொள்கை. எத்தனை வருஷம் கழித்தும் இன்னொருவர் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும் என்பார். அந்த நல்ல குணம்தான் இப்போது அவரைக் காட்டிக்கொடுத்தது.

தாள் முழுசாக வந்தது. மேலும் கீழும் ஒரு நூல் அளவு நறுக்கியிருந்தார். பதினேழாம் வரிசைமேல் இழுத்திருந்த சிவப்புக் கோடு இளகி ரோஜா நிறத்தில் பரவியது. கறுப்பு மை அசையவில்லை. அந்தக் காலத்து இரும்பு மை தாளுக்குள் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். குறிப்புப் பத்தியில் எழுதியிருந்ததை அவள் முதன்முறையாகப் படித்தாள்.

“பள்ளி மணியின் நாக்கைத் திருடியதற்காக நீக்கப்பட்டான். ஆய்வாளர் முன்னிலையில் பள்ளிக்குத் தலைகுனிவு. நடத்தை கெட்டது.”

அதற்கு அடுத்து, வரிசையின் கடைசியில், ஒரு சின்னப் பத்தி காலியாக இருந்தது. மேலே அச்சில், மறுசேர்க்கை: நாள், காரணம், தலைமையாசிரியர் கையெழுத்து. நீக்கிய பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் நிரப்ப வேண்டிய இடம்.

நூலக்கா அந்தக் காலி இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

சாயங்காலம் மகள் வந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் அட்டைப்பெட்டி. மேசையில் கிடந்த தாளைப் பார்த்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, பிரிந்து கிடந்த நீலப் புத்தகத்தைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே பாதி புரிந்தது. மீதியை அம்மா சொன்னாள்.

“இப்ப என்ன செய்யப் போற?”

“மறுபாதியோட சேர்த்து ஒட்டி, திரும்பத் தைச்சுக் கொண்டுபோய்க் குடுப்பேன். அந்தப் பத்தியில எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுவேன்.”

“யாரை?”

“உங்க தலைமையாசிரியரைத்தான்.”

“அம்மா, மாமா செத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அவரை நான் பார்த்ததுகூட இல்ல. எனக்கு வயசு இருபத்திமூணு. ரெண்டு வருஷமா அந்தாள் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டி அலுத்துப்போயிருக்கேன். இன்னும் ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருக்க உன்னால முடியாதா?”

“இருபத்தெட்டு வருஷம் மூடியாச்சு.”

“எல்லாரும் உனக்குத்தான் மரியாதை செய்யறாங்க. மேடையில உக்காரப் போற. போட்டோவைத் திறக்கப் போற. அது போதாதா?”

நூலக்கா அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெள்ளித் தாள் சுற்றிய அட்டைத் துண்டுகள். நுனி கூராக, பின்னால் வால் வைத்து, மேலே நூல் கோத்து.

“என்ன இது?”

“குண்டு. முப்பத்தொண்ணு. மாமா போன ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு. மண்டபத்துல மேலேருந்து தொங்கவிடப் போறோம். ஆறாம் வகுப்புப் பசங்க வெட்டினது.”

நூலக்கா ஒன்றை எடுத்து நூலைப் பிடித்துத் தொங்கவிட்டாள். அழகாக வெட்டியிருந்தார்கள். அது மெதுவாகச் சுற்றியது.

“கீழ இருந்தவங்களுக்கு என்ன தொங்கவிடப் போறீங்க?”

மகள் அந்தத் துண்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

“உங்க மாமன் எனக்குக் கடுதாசி எழுதியிருக்கான். குண்டைத் தள்ளறவன் வேற ஆளாம். இவன் வண்டியை ஆடாம நேரா வச்சிருக்கணும், அவ்வளவுதான். தள்ளின பிறகும் திரும்பி ஓடக் கூடாது. அரை நிமிஷம் அதே மாதிரி நேரா ஓட்டணும். ஏன்னா, விமானத்து வயித்துக்கு அடியில ஒரு கேமரா இருக்கு. குண்டு எங்க விழுந்ததுன்னு அது படம் புடிக்கணும். ‘அந்த அரை நிமிஷம் கீழ பார்க்காம இருக்க முடியலக்கா’ன்னு எழுதியிருந்தான். மணி ரிப்பேர் பண்ணப் போன பிள்ளை. அவனை அங்க ஏத்தி உக்கார வச்சுட்டு, வெள்ளித் தாள் சுத்தி விளையாடறீங்களா?”

“நானா யோசிச்சேன்? அவர் சொன்னாரு, நான் செஞ்சேன்!”

“அதேதான். அவர் சொன்னாரு, அப்பா வெட்டினாரு. அவர் சொன்னாரு, நீ பிள்ளைங்களை வெட்ட வச்ச. உங்க மாமனுக்கும் எவனோ சொன்னான், ஓட்டினான்.”

“உனக்குக் கோபப்பட்டே பழகிப்போச்சும்மா,” என்றாள் மகள். “சந்தோஷம் குடுத்தாலும் உனக்கு வாங்கத் தெரியாது.” பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேசையில் ரொட்டியும் அவித்த முட்டையும் ஆறிக்கொண்டிருந்தன. பைண்டர் ஒரு முட்டையை உரித்தார். உரித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் பேச்சில்லை. அவள் இரண்டாம் ஏட்டையும் ஏழாம் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினாள். நடுவில் மெல்லிய தாள் நாடா ஒன்றைப் பசையிட்டு ஒட்டி மறுபடி ஒரே தாளாக்கினாள். ஈரம் உறிஞ்சும் அட்டைகளுக்கு நடுவில் வைத்து மேலே இரும்புக் கட்டியை ஏற்றினாள். மழைநாளில் மணிக்கு ஒருதரம் அட்டையை மாற்ற வேண்டும். மாற்றினாள். சாயங்காலம் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மடித்து, மெழுகிட்ட இரட்டை நூலில் தைத்தாள். மேசையின் மறுமுனையில் பைண்டர் நீலப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் குழல் செய்து, அறுபட்ட தோலுக்குப் புதுத் தோல் போட்டார். அவர் கத்தரிக்கோலைத் தேடினால் அவள் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான் அன்றைய உறவு.

சனிக்கிழமை காலை விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பே தலைமையாசிரியர் அறையில் போய் நின்றாள். தலைமையாசிரியருக்கு ஐம்பது வயதிருக்கும், இனிமையாகப் பேசுகிறவர். பதிவேட்டைப் புரட்டினார். ஏழாம் மாதம் வந்ததும் விரல் நின்றது. முகம் மாறவில்லை.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு சின்ன உதவி கேட்டிருந்தேன்.”

“செஞ்சாரு. நான் திரும்பச் சேத்துட்டேன்.”

“சரி, இருக்கட்டும்மா. பெட்டியைப் பூட்டித்தானே வைக்கப் போறோம். யார் புரட்டப் போறாங்க?” அவர் சிரித்தார். “உங்க மனசு கஷ்டம் எனக்குப் புரியுது. இதை எழுதினவர் போய்ச் சேர்ந்துட்டாரு. அப்ப நான் இந்த ஊருக்கே வரல.”

“நீங்க எழுதலன்னு தெரியும். நீங்க வெட்டச் சொன்னீங்க. இந்தப் பத்தியைப் பாருங்க. மறுசேர்க்கை. இன்னைக்குத் தேதி போட்டு, தவறா நீக்கப்பட்டான்னு காரணம் எழுதி, கையெழுத்துப் போடுங்க. ஒரு வரி.”

“அதெல்லாம் மேலிடத்து விஷயம். விழா நல்லபடியா முடியட்டும், திங்கக்கிழமை உக்காந்து பேசலாம். ஆமா, உங்க பொண்ணோட ஃபைல்கூட மேசையிலதான் இருக்கு. நல்ல பொண்ணு.”

கடைசி இரண்டு வாக்கியங்களையும் அவர் முதலில் பேசிய அதே இனிமையோடுதான் சொன்னார். நூலக்கா பதிவேட்டை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நனைந்த சட்டைகளின் வாடை. வெள்ளிக் குண்டுகள் முப்பத்தொன்றும் மின்விசிறிக் காற்றில் சுழன்றன. கீழே உட்கார்ந்த சின்னப் பிள்ளைகள் தங்கள் தலைக்கு நேராக இருப்பதைக் காட்டி, இது என்னுது, அது உன்னுது என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, திரை மூடிய புகைப்படம். நூலக்கா வீட்டிலிருந்து வாங்கிப் போனது. மேடையின் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி. சிறப்பு விருந்தினர், பதக்கங்கள் குத்திய ஓய்வுபெற்ற அதிகாரி, நீலப் புத்தகத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார்.

தலைமையாசிரியர் பேசினார். “இந்தப் பள்ளி செதுக்கிய சிற்பம்” என்றார். “ஒழுக்கத்தின் விதை இந்த மண்ணில்தான் விழுந்தது” என்றார். இரண்டாம் மாதத்தின் இருபத்து நான்கு நாளும் வருகை தந்த கதையைச் சொல்லிப் பெட்டியைக் காட்டினார். கைத்தட்டல். பிறகு அவனுடைய அக்காவை அழைத்தார். அவள் நாடாவை இழுத்தாள், திரை விலகியது. இருபத்தொரு வயதுத் தம்பி தோல் தொப்பியோடு எல்லோருக்கும் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கைத்தட்டல்.

“ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா,” என்று மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

“அந்தப் பெட்டியைத் திறங்க.”

“அம்மா...”

“ரெண்டு வார்த்தை அதுலதான் இருக்கு. திறங்க.”

ஐந்நூறு பேர் பார்க்கிறபோது ஒரு பெட்டியைத் திறக்க மறுக்க முடியாது. திறந்தார். அவள் ஏழாம் மாதத்துக்குப் புரட்டி, பதிவேட்டை மார்புக்கு நேராக விரித்துப் பிடித்து, குறிப்புப் பத்தியைப் படித்தாள். சொல் சொல்லாகப் படித்தாள். மணியின் நாக்கு என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். மணி ஏன் ஓட்டையாக ஒலித்தது, கால் வட்டம் ஏன் திருப்ப வேண்டும், பள்ளிக்கூடமே மூன்று மணி நேரம் ஏன் முதல் பாடவேளையில் உட்கார்ந்திருந்தது. இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

“சிரிங்க. நல்லா சிரிங்க. அன்னைக்கு ஒருத்தர் சிரிச்சிருந்தா அவன் இன்னைக்கு உயிரோட இருப்பான். எங்கேயோ நாலு ஊர்ல நாலாயிரம் பேரும் இருந்திருப்பாங்க.”

சிரிப்பு நின்றது.

“இந்தப் பதிவேட்டுப்படி அவன் உங்க மாணவன் இல்ல. திருடன்னு பேரை அடிச்சு அனுப்பிட்டீங்க. திரும்பச் சேக்கறதுக்கு இடம் அச்சடிச்சே இருக்கு, இதோ. எழுதுங்க. அப்புறம் பெருமைப்படுங்க.”

தலைமையாசிரியர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். “இறந்துபோனவரை எப்படிம்மா பள்ளிக்கூடத்துல சேக்கறது?”

மூடியும் பயனில்லை, அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

“செத்தவனை வச்சு எப்படி விழா எடுக்கறீங்களோ, அப்படித்தான்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பதிவேட்டைப் பார்த்தார், சிறப்பு விருந்தினரைப் பார்த்தார். விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவின் மூடி திரும்பப் போய் உட்கார்ந்தது.

“இதை ஆபீஸ்ல பேசிக்கலாம்.”

நூலக்கா பதிவேட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். ஏழாம் மாதம் மேலே தெரிகிற மாதிரி வைத்தாள். சுவருக்குப் போய்க் கையை உயர்த்தினாள். புகைப்படம் எட்டவில்லை. எக்கினாள். எட்டவில்லை. ஐந்நூறு பேர் முன்னால் ஒரு குள்ளமான பெண்பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். எங்கேயோ ஒரு பிள்ளை களுக்கென்றது.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பைண்டர் எழுந்துவிட்டார். அவர் ஈரச் செருப்பு அந்த நீள மண்டபம் முழுக்க ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது. வாழ்நாளில் இத்தனை பேர் அவரைப் பார்த்ததில்லை. மேடையேறினார், விருந்தினர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டார், ஏறினார். நாற்காலி ஆடியது.

நாற்காலியை யாரோ பிடித்தார்கள். பிள்ளைகளின் வரிசையை விட்டு மகள் வந்திருந்தாள்.

“ஆடாதீங்கப்பா. விழுந்து தொலைக்கப் போறீங்க,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. தலைமையாசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. “சீக்கிரம் எடுங்க. போனது போச்சு.”

பைண்டர் புகைப்படத்தைக் கொக்கியிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கியதும் மகள் நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுத் தன் வகுப்பு வரிசைக்குத் திரும்பிப் போய் நின்றாள். பள்ளி விட இன்னும் நேரமிருந்தது.

வெளியே தூறல். புருஷனும் பெண்டாட்டியும் வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் பாடல் ஆரம்பித்துவிட்டது; நிகழ்ச்சி நிரலில் அடுத்தது அதுதான்.

“பள்ளிக்கூடத்து வேலை இனிமே நமக்கு வராது,” என்றார் பைண்டர்.

“வராது.”

“நான் வெட்டியிருக்கக் கூடாது.”

“கூடாது,” என்றாள். அதற்கு மேல் எதையும் கொடுக்க அவளிடம் அன்றைக்கு இல்லை. படத்தின் மேல் விழுந்த தூறலை முந்தானையால் துடைத்தாள்.

“நூலக்கா! நூலக்கா!”

பள்ளிக்கூட பியூன் ஓடி வந்தார். சட்டைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தார். கேட்டுக்கு உள்பக்கமாக நின்று, மூச்சு வாங்க, அதை வெளியே எடுத்து நீட்டினார். பதிவேடு.

“ஐயா குடுத்து அனுப்பினாரு. குடும்பத்துக்கு ஞாபகமா இருக்கட்டும், நீங்களே வச்சுக்கலாமாம். பள்ளிக்கூடத்துக்கு வேண்டாமாம்.”

நூலக்கா கையை நீட்டவில்லை.

“ஒட்டு புதுசு, நனைக்காதே, உள்ள வை,” என்றாள். “அவர்கிட்டப் போய்ச் சொல்லு. அது பள்ளிக்கூடத்துச் சொத்து. நான் எடுத்துக்கிட்டுப் போனா, திருடினேன்னு எழுதுவீங்க.”